மும்முனை வரும் நேரம்

வீடியோ காலில் அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "போன இஞ்சின்கிட்ட கொண்டு போ" என்றார். கொண்டு போனேன். படகின் படிக்கட்டுக்குப் பின்னாலிருந்த மரப்பெட்டிக்குள் இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின் ஒன்று தடதடத்துக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"புகை என்ன கலரு?"

"வெள்ளையா வருதுப்பா. கொஞ்சம் நீலமும் இருக்கு."

"ஸ்டார்ட் ஆவ எவ்வளவு நேரம் எடுக்குது?"

"அஞ்சாறு தடவ சுத்தணும்."

"கம்ப்ரஷன் இல்ல. ரிங் தேஞ்சிருக்கு. பிரிச்சு ரிங் மாத்தி, நாசில் சர்வீஸ் பண்ணிப் போட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்."

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, பட்டுக்கோட்டை பக்கத்தில் ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்ன அந்தத் தீர்ப்பைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் அவரைக் கூப்பிட்டதே வேறொன்றைச் சொல்லத்தான். கொஞ்சம் எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "ரிப்பேர் பண்ணப் போறதில்லப்பா. தூக்கிட்டு கரண்ட் மோட்டார் போடப் போறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ம்" என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "நடுத் தண்ணில கரண்ட் போனா என்ன பண்ணுவ?"

*

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஸ்டாக்ஹோமுக்கு வந்து எட்டு வருடமாகிறது. இங்கே படகு வைத்திருப்பது பணக்காரத்தனம் இல்லை என்பது வந்த புதிதில் ஆச்சரியமாக இருந்தது. பேருந்து ஓட்டுநர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லாரிடமும் ஒரு பழைய படகு இருக்கும். உறுப்பினர்களே நடத்தும் படகுக் கழகங்கள் இருக்கின்றன. வருடத்துக்குச் சில இரவுகள் நாமே முறைபோட்டுக் காவல் இருக்க வேண்டும். அக்டோபரில் கிரேன் வைத்துப் படகுகளைக் கரையேற்றுவார்கள், ஏப்ரல் மே வாக்கில் மறுபடி தண்ணீரில் இறக்குவார்கள். நடுவில் ஆறு மாதம் படகுகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பனியில் தூங்கும்.

என் படகு ஆல்பின் வேகா. 1974-ல் கட்டியது, நீளம் 8.25 மீட்டர். அறுபதுகளின் நடுவிலிருந்து 1979 வரை மூவாயிரத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்ட ரகம். நம் ஊர் அம்பாசிடர் மாதிரி. ஆனால் அம்பாசிடர் செய்யாததை இது செய்திருக்கிறது. மேட் ரதர்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் இதே ரகப் படகில் தனியாளாக, எங்கும் நிற்காமல் வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் சுற்றி 2012-ல் கரை சேர்ந்தார். எனக்கு அந்த மாதிரி ஆசையெல்லாம் கிடையாது. மேலரன் ஏரியில் சனி ஞாயிறு சுற்றினால் போதும்.

பாய்மரப் படகுக்கு எதற்கு இஞ்சின் என்று கேட்கலாம். துறைக்குள் நுழைய, வெளியேற, குறுகலான கால்வாயைக் கடக்க, காற்று செத்துப் போகிற நேரத்தில் வீடு திரும்ப. அவ்வளவுதான். ஒரு சீசனில் நான் எரித்த டீசல் முப்பது லிட்டர் இருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வருடத்துக்கு எண்பது கிலோ. பேட்டரி செய்யும்போதே வெளியாகிற கரியை இந்த எண்பதைக் கொண்டு ஈடுகட்டப் பல வருடம் ஆகும். எனவே பூமியைக் காப்பாற்ற மோட்டார் போட்டேன் என்று சொன்னால் அது பொய்.

உண்மையான காரணங்கள் சின்னவை. என் மகள் டீசல் வாடைக்கு வாந்தி எடுப்பாள். படகின் அடிவயிற்றில் சேரும் தண்ணீரில் எப்போதும் ஒரு எண்ணெய்ப் படலம் மினுங்கும். அந்தத் தண்ணீரை வெளியே இறைக்கும் ஏரியில்தான் சுமார் இருபது லட்சம் பேர் குடிக்கும் தண்ணீர் எடுக்கிறார்கள். அதில் என் வீட்டுக் குழாயும் அடக்கம். மூன்றாவது காரணத்தை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சம். அந்த இஞ்சின் எனக்குப் பிடிபடவே இல்லை. டீசல் மெக்கானிக்கின் மகன், பொறியியல் பட்டம் வாங்கியவன், அந்த இரும்பு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். கம்பியும் மென்பொருளும் என்றால் எனக்குப் புரியும். எனக்குப் புரிகிற ஒன்றை அங்கே வைக்க நினைத்தேன்.

*

இஞ்சினை வெளியே எடுத்தது ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. பாயின் அடிக்கட்டையையே கிரேனாக்கி, அதில் செயின் பிளாக்கை மாட்டி, நூறு கிலோவுக்கு மேலிருந்த அந்த இரும்பைப் படிக்கட்டு வாசல் வழியாக அங்குலம் அங்குலமாகத் தூக்கினோம். கழகத்தில் பக்கத்துப் படகுக்காரர் ஒரு முதியவர். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். அவர்தான் கயிறு பிடித்தார். முடித்துவிட்டுக் காபி குடிக்கும்போது, "ஒரு சீசன் பார். அப்புறம் இதைத் தேடுவாய்" என்று இஞ்சினைத் தட்டிக்கொடுத்தார்.

அது இருந்த இடத்தைத் துடைத்து முடிக்கவே இரண்டு வாரம் ஆனது. ஐம்பது வருட எண்ணெய். பழைய ஷாஃப்ட்டும் புரொப்பெல்லரும் புது மோட்டாருக்குப் பொருந்தாததால் அவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. மோட்டார் 5 கிலோவாட், ஒரு தண்ணீர்க் குடம் அளவுதான் இருக்கும். டீசல் இருந்த இடத்தில் அதை வைத்தபோது, பெரியவர் நாற்காலியில் குழந்தை உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் பதினாறு வாங்கினேன். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 280 ஆம்பியர் மணி. வரிசையாகக் கோத்தால் 51.2 வோல்ட், மொத்தம் 14.3 யூனிட். வீட்டில் இரண்டு மூன்று நாளைக்கு ஓடுகிற கரண்ட். இந்த வகை செல் மற்ற லித்தியங்களைப் போல எளிதில் தீப்பிடிக்காது என்பதால்தான் படகுக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். ஐம்பது வோல்ட் கையில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனரே உருகும். அதனால் எல்லா ஸ்பேனர்களின் கைப்பிடிக்கும் இன்சுலேஷன் டேப் சுற்றினேன்.

அப்படியும் ஒரு தவறு செய்தேன். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். காலியாக இருக்கும் அவற்றில் பேட்டரியை நேரடியாக இணைத்தால் ஒரே மூச்சில் கரண்டை உறிஞ்சும். முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பிவிட்டுத்தான் முழு இணைப்பையும் கொடுக்க வேண்டும். எனக்கு இது தெரியும். வரைபடத்தில் நானே வரைந்தும் வைத்திருந்தேன். ஆனால் அன்று சாயந்திரம், ஒரே ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடலாம் என்ற அவசரத்தில் நேராகக் கம்பியை வைத்தேன். 'பட்'டென்று ஒரு வெடி. நீலப் பொறி. செம்பு லக் ஒன்றின் முனை கருகி உருண்டுவிட்டது. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் லைவ் சர்வரில் கைவைக்காதே என்று புதுப் பையன்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்.

அப்பாவிடம் சொன்னேன். "ஸ்டார்ட்டர் இல்லாம மோட்டார் போட்டா அப்படித்தான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

*

இந்த இடத்தில் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கே அது தாமதமாகத்தான் உறைத்தது.

அப்பாவை நான் எப்போதும் 'ஆயில் இஞ்சின் மெக்கானிக்' என்றே நினைத்து வந்திருக்கிறேன். கிர்லோஸ்கர் ஐந்து குதிரைத்திறன் இஞ்சின். ஹேண்டில் போட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் 'டுப் டுப் டுப்' என்று ஊரே கேட்கும். அவர் சட்டையில் டீசல் வாடை, நகக்கண்ணில் கருப்பு. என் குழந்தைப் பருவத்தின் படம் அதுதான். ஆனால் அவர் இஞ்சின் ரிப்பேர் பார்த்ததைவிட இஞ்சினைக் கழற்றியதுதான் அதிகம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும், விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு, சர்வீஸ் கிடைத்த ஒவ்வொரு பம்புசெட்டிலும் ஆயில் இஞ்சினைத் தூக்கிவிட்டுக் கரண்ட் மோட்டாரைப் பூட்டியது அவர்தான். இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள், கம்பம் நட்ட அன்று முதலில் ஓடி வந்து கூப்பிட்டது அவரைத்தான். தன் தொழிலைத் தன் கையாலேயே ஊர் ஊராகப் போய் முடித்து வைத்தவர். நான் ஏதோ புதிதாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னதை, அவர் முந்நூறு தடவை செய்திருக்கிறார்.

"நீங்க ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கலயே" என்றார். பிறகு அவரே சொன்னார். "மோட்டாரு மாத்துறது ஒரு நாள் வேலை தம்பி. அதுக்கப்புறம் அவங்க ராத்திரி தூங்குறது மாறிடும். அதத்தான் யாரும் யோசிக்க மாட்டாங்க."

மும்முனை மின்சாரம் வந்தால்தான் பம்பு ஓடும். பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம், அதுவும் முறை மாற்றி மாற்றி. ஆயில் இஞ்சின் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் பாய்ச்சலாம், கையில் டீசலுக்குக் காசு இருந்தால் போதும். கரண்ட் வந்த பிறகு காசு வேண்டாம், ஆனால் அது வருகிற நேரத்துக்கு நாம் விழித்திருக்க வேண்டும். பம்புசெட் கொட்டகையில் ஒரு பல்பைத் தொங்கவிட்டுவிடுவார்கள். திண்ணையில் படுத்திருப்பவருக்கு அந்த வெளிச்சம் தெரிந்தால் மும்முனை வந்துவிட்டது என்று அர்த்தம். ராத்திரி மூன்று மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக வரப்பில் நடந்து போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதை வறுமையின் காட்சியாகத்தான் நினைவில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். பலரும் பழைய இஞ்சினை விற்கவில்லை. சாக்கைப் போர்த்திக் கொட்டகை மூலையில் வைத்திருந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து எங்கள் பக்கம் கம்பங்கள் எல்லாம் சாய்ந்தபோது, எங்கள் ஊருக்குக் கரண்ட் திரும்பிவர மூன்று வாரத்துக்கு மேலானது. அப்போது அப்பா மூலையில் கிடந்த இஞ்சின் ஒன்றைச் சுத்தம் பண்ணி ஓட்டித்தான் எங்கள் தெருவுக்கே குடிக்கத் தண்ணீர் ஏற்றினார். நான் அப்போது இங்கே உட்கார்ந்து போன் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். "கரண்ட் போனா என்ன பண்ணுவ" என்பது அவர் சும்மா கேட்ட கேள்வி இல்லை.

*

அந்தக் கேள்விக்கு நான் கணக்கு வைத்திருந்தேன். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ பத்து யூனிட் சக்தி இருக்கிறது. பழைய சின்ன இஞ்சின் அதில் கால்பங்கை, கொஞ்சம் கூடுதலை, புரொப்பெல்லருக்குக் கொடுக்கும். மீதி சூடாகவும் புகையாகவும் போகும். மின்மோட்டார் எண்பது சதவீதத்துக்கு மேல் கொடுக்கும். இவ்வளவு சாதகம் இருந்தும், எண்பத்தைந்து கிலோ எடையும் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியும் விழுங்கிய என் பேட்டரி, ஐந்து லிட்டர் டீசலுக்குத்தான் சமம். பழைய டாங்கில் முப்பத்தைந்து லிட்டர் பிடிக்கும்.

அதோடு தண்ணீரின் கணக்கு வேறு. வேகம் கொஞ்சம் கூடினால் சக்தி பல மடங்கு கேட்கும். அமைதியான தண்ணீரில் என் படகு மூன்று நாட் வேகத்தில் போக 700 வாட் போதும். நான்குக்கு ஒன்றரை கிலோவாட். ஐந்துக்கு மூன்றரை. முழு பேட்டரியில் நான்கு நாட் வேகத்தில் முப்பத்தைந்து கடல் மைல் போகலாம், ஐந்தில் போனால் இருபதுதான். இந்த அட்டவணையை லேமினேட் செய்து சுக்கான் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பாயில் போகும்போது தண்ணீரே புரொப்பெல்லரைச் சுற்றி பேட்டரியை நிரப்பும் என்று விளம்பரங்கள் சொல்லும். நிரப்பும்தான். நல்ல காற்றில் எனக்குக் கிடைத்தது எழுபது, எண்பது வாட். ஒரு பல்பு எரியும்.

எல்லாம் தெரிந்தும், ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பியோர்க்கோ தீவுக்குக் கிளம்பினோம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பிர்க்கா என்ற வைக்கிங் வணிக நகரம் இருந்த தீவு. பதினைந்து மைல். காற்றே இல்லை. சத்தமில்லாத மோட்டார், கண்ணாடி மாதிரி ஏரி, மகள் முன்னால் உட்கார்ந்து வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வாடை இல்லை, வாந்தி இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து நாட் வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட்டினேன், டீசல்காரன் மாதிரி. நங்கூரம் போட்டபோது மீதி 27 சதவீதம். அந்த ஒதுக்கில் பிளக் பாயிண்ட் கிடையாது. நாளைக்குத்தான் காற்று உண்டே, பாயில் திரும்பிவிடலாம் என்று இருந்தேன்.

காற்று வந்தது. கிழக்கிலிருந்து. வீடும் கிழக்கில். எங்கள் கடற்கரைப் பக்கம் கொண்டல் என்போமே, அந்தக் காற்று நேராக முகத்தில் அறைந்தது. பியோர்க்ஃபியார்டன் என்ற அகன்ற நீர்வெளியில் குட்டை குட்டையாக அலைகள் எழும்பி நின்றன. குறுக்கும் நெடுக்குமாகப் பாயை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். மகள் வெளுத்துப் போய் அம்மா மடியில் கிடந்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் டீம் புது வெர்ஷனை வெளியிட வேண்டும். பாயை இறக்கிவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

சோலார் தகட்டின் புண்ணியத்தில் அப்போது 32 சதவீதம் இருந்தது. நான்கு கிலோவாட் கொடுத்தும் படகு மூன்று நாட்டுக்கு மேல் போகவில்லை. இருபது நிமிடத்தில் 23. மனதுக்குள் கணக்குப் போட்டேன். இன்னும் முக்கால் மணி நேரம், இரண்டு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். வீட்டுக்குப் பன்னிரண்டு மைல். நட்டநடு நீர்வெளியில் மோட்டார் நின்றால், பாய் ஏற்றும் வரை படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பி உருளும். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"திரும்பிடலாமே" என்றாள்.

"நாளைக்கு ரிலீஸ்."

"நீ இல்லாட்டி ரிலீஸ் ஆகாதா?"

டீசல் இருந்திருந்தால் அடித்துப் பிடித்து நான்கு மணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருப்பேன். இதை மறைக்கப் போவதில்லை. மகள் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருப்பாள், ஆனால் போயிருப்போம். அந்தப் பக்கத்துப் படகு முதியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் உண்மையிலேயே அந்த இஞ்சினைத் தேடினேன்.

படகைத் திருப்பினேன். காற்று முதுகுக்குப் போனதும் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. சின்ன முன்பாயை மட்டும் விரித்தோம். தீவின் மறைவில், நேற்று கிடந்த அதே ஒதுக்கில் மறுபடி நங்கூரம். வரமாட்டேன், தாமதமாகும் என்று டீமுக்குச் செய்தி அனுப்பினேன். 'சரி, பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒரு வரி பதில் வந்தது. மனைவி நூடுல்ஸ் செய்தாள். மகள் சரியாகிக் கரையில் கல் பொறுக்கப் போனாள்.

வானிலை ஆப் விடிகாலை காற்று வடக்குக்குத் திரும்பும் என்றது. மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன். ஜூன் மாதத்தில் இங்கே அந்த நேரத்துக்கே வெளுத்துவிடும். எழுந்து மேலே வந்தால், பாய்மர உச்சியிலிருந்த காற்றுக்கொடி வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் நங்கூரத்தை எடுத்துப் பாயை ஏற்றினேன். இருவரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். படகு தானாகச் சாய்ந்து, கிழக்கே நாலரை நாட் வேகத்தில் போகத் தொடங்கியது. கையில் பிளாஸ்க் டீ. அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் கொட்டகைப் பல்பு ஞாபகம் வந்தது.

துறைக்குள் நுழையப் பத்து நிமிடம் மோட்டார் ஓட்டினேன். வந்து சேர்ந்தபோது 22 சதவீதம் மிச்சம்.

*

அன்று சாயந்திரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனால் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு இப்போது பதில் இருந்தது: படுத்துத் தூங்கிவிட்டு மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். அவர் சிரித்தார். பிறகு, "எல்லாராலயும் படுத்துத் தூங்க முடியாதுடா. பயிரு வாடுறவன் என்ன பண்ணுவான்?" என்றார்.

அது சரிதான். என்னுடையது சனி ஞாயிறு படகு, எனக்கு ஒரு திங்கட்கிழமைதான் போனது. அந்த டீமும் அந்த ஏரியும் எனக்கு வாய்த்திருக்கின்றன. திறந்த கடலைக் கடந்து போகிறவர்களிடம் பழைய டீசலைக் கழற்று என்று நான் சொல்ல மாட்டேன். இங்கேயும் குளிர்காலம் வந்தால் என் செல்களுக்குச் சோதனைதான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அவை கெட்டுவிடும் என்பதால், அக்டோபரில் பதினாறையும் நான்கு நடையாகச் சுமந்து வந்து, பாதி சார்ஜில் வீட்டு நடைபாதையில் வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் மனைவியின் கால் இடிக்கிறது.

"அந்தப் பழைய இஞ்சின என்ன பண்ணுன? காயலாங்கடைக்குப் போட்டுட்டியா?"

போடவில்லை. கழகத்து முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி ஒரு பலகைமேல் கிடந்தது. ஏன் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இலையுதிர் காலத்தில், இதே ரகப் படகு வைத்திருக்கும் ஒரு இளம் ஜோடி அதைக் கேட்டார்கள். பால்டிக் கடலில் காட்லாந்து தீவுவரை போகத் திட்டம், அவர்களுடைய இஞ்சின் முழுதாக அடைத்துக்கொண்டுவிட்டது. சும்மா கொடுத்தேன், ஒரே நிபந்தனையோடு: ரிங் மாற்ற வேண்டும், நாசில் சர்வீஸ் பண்ண வேண்டும். யார் சொன்னது என்று கேட்டார்கள். மெக்கானிக் என்றேன்.

ஏப்ரலில் அவர்கள் ஒரு வீடியோ அனுப்பினார்கள். இரண்டாவது சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொள்கிறது. புகை இல்லை. அப்பாவுக்கு அனுப்பி வைத்தேன். நீல டிக் விழுந்தது, ரொம்ப நேரம் பதில் இல்லை. நாலைந்து தடவை போட்டுக் கேட்டிருப்பார். பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"நல்லா ஓடுது. டேப்பெட் மட்டும் கொஞ்சம் லூசா கேக்குது, ரெண்டாவது சிலிண்டர்ல. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துக்கச் சொல்லு."